"ஸ்கிரீன் தெரியுதா?": கூத்துக்களத்துல இருந்து மீட்டிங் ரூமுக்கு

[காட்சி: மீட்டிங் ரூம். ப்ரொஜெக்டரின் நீல வெளிச்சம். ஒருவர் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தபடி நிற்கிறார்.]

குரல்:
"எல்லாருக்கும் கேக்குதா? ஸ்கிரீன் தெரியுதா? ஒரு நிமிஷம்... ஆங், இப்போ தெரியுதா?"

நம்ம ஆபீஸ்ல நடக்கற முக்கால்வாசி பிரசன்டேஷனுக்கு முதல் வசனம் இதுதான். இதையே ஒரு தெருக்கூத்துல நினைச்சுப் பாருங்க. துரியோதனன் களத்துக்கு வந்து நின்னு, "எல்லாருக்கும் என் கிரீடம் தெரியுதா?"ன்னு கேட்டா?

[காட்சி: இரவு. கூத்துக்களம். இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருக்கிறார்கள்.]

குரல்:
கூத்துல வேஷம் அப்படி வராது. ரெண்டு பேர் திரை பிடிப்பாங்க. பின்னாடி சலங்கைச் சத்தம் கேக்கும். திரைக்கு மேல கிரீடத்தோட நுனி மட்டும் ஆடும். உள்ள இருந்தே பாட்டு. மத்தளம் சூடு பிடிக்கும். பாயில சாஞ்சிருந்தவங்க எழுந்து உக்காருவாங்க. அப்புறம்தான் திரை விலகும். கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் குறுக்க வந்து, "யாருய்யா நீங்க?"ன்னு கேப்பான். வேஷம் தன் வாயாலயே சொல்லும்: நான் யாரு, எந்த நாடு, இந்த சபைக்கு எதுக்கு வந்தேன்.

யாரு, எதுக்கு வந்தேன். முதல் ஒரு நிமிஷத்துல இந்த ரெண்டும் தெரிஞ்சுட்டா கூட்டம் நம்ம பக்கம். நாம என்னடான்னா அஜெண்டா ஸ்லைடை வரிவரியா வாசிச்சுக்கிட்டு இருப்போம்.

இந்த வீடியோவுல உங்களை நடிக்கச் சொல்லப் போறதில்ல. நாடகக்காரங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி செய்யற வேலை இருக்கே, அதைத்தான் பாக்கப் போறோம். ஸ்லைடுக்கு மூணு நாள் செலவு பண்றோம். எழுத்து அளவு, கலர், லோகோ எந்த மூலையில இருக்கணும், எல்லாத்துக்கும் சண்டை போடறோம். அந்த விஷயத்தை எழுந்து நின்னு வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாத்திருப்போமா? நாடகத்துல அதுக்குப் பேரு ஒத்திகை. அது இல்லாம யாரும் திரையைத் தூக்க மாட்டாங்க.

[காட்சி: பழைய சென்னை. வழக்கறிஞர் அங்கி மாட்டிய நாற்காலி. பக்கத்தில் ஒரு ராஜா கிரீடம்.]

குரல்:
மேடை வேற உலகம், ஆபீஸ் வேற உலகம்னு தோணலாம். நம்ம ஊர்ல அது ரெண்டும் அவ்வளவு தூரத்துல இருந்ததே இல்ல. 1891ல சென்னையில சுகுண விலாச சபையைத் தொடங்கின பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பின்னால நீதிபதி. படிச்சு வேலையில இருந்தவங்க வேஷம் கட்டின சபை அது. கே. பாலசந்தர் நாடகம் போட ஆரம்பிச்சப்போ அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ்ல வேலை. நாகேஷ் ரயில்வே. கிரேஸி மோகன் இன்ஜினியர். சாயந்தரம் ஆபீஸ் விட்டு நேரா ஒத்திகைக்குப் போனவங்க இவங்க. நாம போகப் போறது எதிர்த் திசையில, அவ்வளவுதான்.

[காட்சி: காலியான மீட்டிங் ரூம். ஒருவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறார்.]

குரல்:
முதல்ல இடம். சிலப்பதிகாரத்துல அரங்கேற்று காதைன்னு ஒரு பகுதி. மாதவி ஆடப்போற அரங்கம் எவ்வளவு அகலம், நீளம், உயரம்னு கோல் கணக்குல சொல்வார் இளங்கோ. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச குறிப்பு விளக்கைப் பத்தினது. தூணோட நிழல் அரங்கத்துக்குள்ள விழாம வெளியே போற மாதிரி விளக்கு வைக்கணும். இது முடிஞ்ச பிறகுதான் மாதவி வர்றா. வலது காலை முன்வச்சு ஏறி, வலத்தூண் பக்கம் போய் நிக்கிறா. இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கல. ஆனா எங்க நிக்கணும்ங்கறது முடிவாயிருச்சு.

உங்க ப்ரொஜெக்டருக்கும் இதே கணக்குதான். அரை மணி நேரம் முன்னாடி போங்க. லேப்டாப்பை மாட்டிட்டு, நேரா கடைசி வரிசையில போய் உக்காருங்க. அங்கிருந்து அந்தக் குட்டி எழுத்து தெரியுதா? முன்னாடி யாராவது நின்னா அவங்க சட்டையில பட்டியல் ஓடுதா? ஏசி சத்தம் எவ்வளவு? அப்புறம் நீங்க நிக்கப் போற இடத்தை முடிவு பண்ணிட்டு, வாசல்ல இருந்து அங்க வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க. "ஸ்கிரீன் தெரியுதா?"ங்கற கேள்விக்கு அப்பவே பதில் கிடைச்சிரும், கூட்டத்துக்கிட்ட கேக்க வேண்டாம். போங்க, நில்லுங்க, ரெண்டு பேர் முகத்தைப் பாருங்க, மூச்சு விடுங்க, அப்புறம் பேசுங்க. முதல் வாக்கியம் மட்டும் மனப்பாடமா இருக்கட்டும். மீதியை மனப்பாடம் பண்ணாதீங்க. ஒரு சொல் மறந்தா ரயில் பெட்டி மாதிரி பின்னாடி எல்லாம் நின்னுரும்.

[காட்சி: ஒருவர் பேசுகிறார். வாக்கியத்தின் முடிவில் ஒலி அலை சுருங்கி மறைகிறது.]

குரல்:
இப்ப குரல். இங்க கொஞ்ச நேரம் நிக்கணும். ஏன்னா தமிழ் பேசறவங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு.

நம்ம மொழியில வினைச்சொல் கடைசியில வரும். ஆமா, இல்ல, முடியும், முடியாது, எல்லாமே வாக்கியத்தோட வால்ல. ஆனா பயத்துல மூச்சு குறையும்போது நாம முழுங்கறதும் அதே வாலைத்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மீட்டிங்ல நான் சொன்னது: "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள டெஸ்டிங் முடிக்க முடியாது." 'வெள்ளிக்கிழமை' நல்லா கணீர்னு வந்துச்சு. 'முடியாது' எனக்கே கேக்கல. எதிர்ல இருந்தவர் தலையை ஆட்டிக்கிட்டே வெள்ளிக்கிழமைன்னு நோட்ல எழுதிக்கிட்டார். அந்த வாரம் நான் வீட்டுக்குப் போன நேரத்தை இங்க சொல்ல வேண்டாம்.

ஆங்கிலத்துல பேசினா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. 'கேன்', 'கான்ட்'. அங்கயும் 'முடியாது'ங்கறது பெரும்பாலும் கடைசி ஒரு எழுத்துலதான் இருக்கு.

கூத்துக் கலைஞர்கள் மைக் இல்லாத காலத்துல இருந்தே வெட்டவெளியில விடிய விடியப் பாடினவங்க. தொண்டையை மட்டும் நம்பியிருந்தா நடுராத்திரியிலயே கட்டிக்கிட்டிருக்கும். பலம் வயித்துல இருந்து வர்ற மூச்சு. வயித்து மேல கையை வைங்க. மூச்சை இழுக்கும்போது கை வெளியே வரணும், தோள் மேல ஏறக்கூடாது. அப்புறம் 'ஸ்ஸ்ஸ்'ன்னு மெதுவா, ஒரே சீரா விடுங்க. முதல் நாள் பத்து நொடியில திணறும். பரவால்ல. தினமும் செஞ்சா நீளும். தொண்டை வலிச்சா நிறுத்துங்க, அது தப்பா செய்யறதோட அடையாளம்.

வாலை மீட்க ஒரு பயிற்சி. பேசப்போற வாக்கியத்தோட கடைசிச் சொல்லை முதல்ல சொல்லுங்க. "முடியாது." அப்புறம் கடைசி ரெண்டு. "முடிக்க முடியாது." அப்படியே பின்னால இருந்து வாக்கியத்தைக் கட்டிக்கிட்டே வாங்க. "டெஸ்டிங் முடிக்க முடியாது." முழுசாச் சொல்லும்போது வால் அறுந்து விழாது.

[காட்சி: டைப் செய்த காகிதம். சொற்களுக்கு இடையே பென்சிலால் நெட்டுக்கோடுகள்.]

குரல்:
அடுத்தது நிறுத்தம். இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜுக்குத் திக்குவாய். அரசராகறதுக்கு முன்னால, 1925ல வெம்ப்ளி கண்காட்சியில பேசப் போய்த் திணறினார். மறு வருஷம் லயனல் லோக்ங்கற ஆஸ்திரேலியரைத் தேடிப் போனார். லோக் டாக்டர் இல்ல. மேடையில கவிதை வாசிச்சு, பேச்சுக்கலை சொல்லிக் கொடுத்து வந்தவர். 1939 செப்டம்பர் 3, போர் அறிவிச்ச அன்னைக்கு ராஜா வானொலியில பேசின பேச்சுல, எங்க நிறுத்தணும்னு லோக் கோடு போட்டு வச்சிருந்தார். நாக்கு தடுக்கற சொல்லை எடுத்துட்டு வேற சொல் போடறதும் அவர் வழக்கம்.

நாமளும் அதையே செய்யலாம். குறிப்பை அச்செடுத்து, பென்சிலை எடுத்து, மூச்சு விடற இடத்துல ஒரு கோடு. முக்கியமான எண்ணுக்கு முன்னாடி ரெண்டு கோடு. பேசறவருக்கு ரெண்டு நொடி ரெண்டு நிமிஷமாத் தெரியும், கேக்கறவருக்கு அது சாதாரணம். அந்த இடத்தை 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'சோ' வச்சு அடைக்காதீங்க.

இடையில ஒரு எச்சரிக்கை. பேச்சுப் பயிற்சிக்குப் போனா யாராவது ஒரு வட்டப்படம் காட்டி, "சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55"ன்னு சொல்வாங்க. ஆல்பர்ட் மெஹ்ராபியன்ங்கற உளவியல் ஆய்வாளர் 1967ல செஞ்ச ஆய்வுகள்ல இருந்து கிளம்பினது அது. அவர் பாத்தது ஒருத்தரோட விருப்பு வெறுப்பு எதுல வெளிப்படுதுங்கறதைத்தான், அதுவும் தொனியும் முகமும் சொல்லுக்கு முரணா இருக்கும்போது. உங்க பட்ஜெட் கணக்கு தப்பா இருந்தா எந்தக் கையசைவும் காப்பாத்தாது.

[காட்சி: தங்கச் சரிகை நூல் சுற்றிய கண்டு. அருகே ஒரு நாடகப் பிரதி.]

குரல்:
ஸ்டானிஸ்லாவ்ஸ்கி பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. 1898ல மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். நடிப்புப் பயிற்சின்னாலே உலகம் முழுக்க அவர் பேர்தான் முதல்ல வரும். அவருக்கும் ஒரு பகல் வேலை இருந்துச்சு. குடும்பத்தோட சரிகை நூல் ஆலையை நிர்வாகம் பண்ணவர். மீட்டிங் கஷ்டம் அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

அவர் நடிகர்களைக் கேக்க வச்ச கேள்வி: இந்தக் காட்சியில நான் எதிராளிக்கிட்ட இருந்து என்ன வாங்க வந்திருக்கேன்? பதில் ஒரு வினைச்சொல்லா இருக்கணும். இதை உங்க ஸ்லைடு மேல வைங்க. சர்வர் செலவு ஏறிடுச்சு, கூடுதல் பணம் வேணும்னு வைங்க. முதல் ஸ்லைடோட வேலை மேனேஜரை உறுத்தறது. ரெண்டாவது, "இது நம்ம தப்பு இல்ல"ன்னு அவரைச் சமாதானப்படுத்தறது. மூணாவது, கையெழுத்து வாங்கறது. ஒவ்வொண்ணுக்கும் குரல் தானா மாறும், நீங்க 'ஏற்ற இறக்கம்' போட வேண்டியதில்ல. ஒரு ஸ்லைடுக்கு 'விளக்கணும்'ங்கறதைத் தவிர வேற சொல்லே கிடைக்கலியா? அந்த ஸ்லைடைத் தூக்கிட்டு மெயில்ல அனுப்பிருங்க.

[காட்சி: கோமாளிக் குல்லாவுடன் கட்டியங்காரன், மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறான்.]

குரல்:
கட்டியங்காரன் திரும்ப வர்றான். கூத்துல இவன் ராஜாவுக்கும் சேவகன், கூட்டத்துக்கும் ஆள். ராஜா புரியாத மாதிரி ஏதாவது பேசினா, "அப்படின்னா என்னங்க?"ன்னு நமக்காகக் கேட்டுடுவான்.

உங்க ஒத்திகைக்கும் ஒரு கட்டியங்காரன் வேணும். வேற டீம்ல இருந்து, உங்க வேலை தெரியாத, கூச்சமில்லாத ஒருத்தர். "அதனால எனக்கென்ன?"ன்னு கேக்கறது மட்டும்தான் அவர் வேலை. அவர் கேட்ட கேள்விகளைக் குறிச்சு வச்சுக்கங்க. நிஜ மீட்டிங்ல, "இங்க உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், பணம் இவ்வளவு எதுக்குன்னு..."ன்னு நீங்களே கேட்டு, நீங்களே பதில் சொல்லிடுங்க.

எதிர்பாக்காத கேள்விக்கு வேற பயிற்சி. ஆலன் ஆல்டாங்கற அமெரிக்க நடிகர் பேர்ல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல ஒரு மையம் இருக்கு, 2009ல தொடங்கினது. விஞ்ஞானிகளுக்கு இம்ப்ராவ் விளையாட்டு சொல்லிக் கொடுக்கறாங்க. அதாவது வசனம் எழுதாம, அந்தந்த நேரத்துக்கு ஆடற நாடகம். அதுல கண்ணாடி விளையாட்டு ஒண்ணு. ரெண்டு பேர் எதிரெதிரா நிக்கணும். ஒருத்தர் கையை மெதுவா அசைக்க, மத்தவர் அதே நேரத்துல அதே மாதிரி அசைக்கணும். வேகமாப் போனா எதிராளி தொலைஞ்சு போவார். தொலைஞ்சா அது அசைக்கறவரோட தப்பு. பேசும்போது எதிர்ல இருக்கறவர் முகத்தைப் பாத்து வேகத்தைக் குறைக்கற பழக்கம் இதுல வரும்.

அதே இம்ப்ராவ்ல "ஆமா, அதோட..."ன்னு ஒரு விதி பிரபலம். எதிராளி சொன்னதை ஏத்துக்கிட்டு மேல கட்டணும். மேடைக்கு அருமையான விதி. க்ளையன்ட் தேதி கேக்கும்போது தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க.

[காட்சி: மேடை ஓரம். நடுங்கும் கை, அதில் நடுங்கும் ஒற்றைக் காகிதம்.]

குரல்:
பயம் போகுமான்னு கேப்பீங்க. போகாது. உடம்பு ஓடறதுக்குத் தயாராகுது, ஆனா நாம ஓடாம நிக்கறோம். அந்தச் சக்திதான் கையில நடுக்கமா வருது. அதனாலதான் நடிகர்கள் மேடைக்குப் பின்னாடி உடம்பை உதறி, தோளைச் சுத்தி, கொஞ்சம் நடந்து அதைச் செலவு பண்ணிட்டு வருவாங்க. நீங்க மாடிப்படி ரெண்டு மாடி ஏறி இறங்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. கையில ஒத்தைத் தாளை மட்டும் பிடிக்காதீங்க, அது நடுக்கத்தைப் பத்து மடங்காக் காட்டும். கெட்டி அட்டை நல்லது.

ஆன்லைன் மீட்டிங்னா நின்னுக்கிட்டுப் பேசுங்க, கேமரா கண் மட்டத்துல இருக்கட்டும். மத்ததெல்லாம் இதேதான். இணைப்பு சரியில்லன்னா உங்க வால் இன்னும் சீக்கிரம் அறுந்து போகும்.

ஒத்திகை மூணு தடவை. ஒண்ணு தனியா, நின்னுக்கிட்டு, வாய்விட்டு. ரெண்டாவது கட்டியங்காரன் முன்னாடி. மூணாவது ஸ்லைடே இல்லாம. ப்ரொஜெக்டர் ஒரு நாள் கண்டிப்பா அணையும்.

[காட்சி: விடியற்காலை. கூத்துக்களத்தில் மங்களம் பாடுகிறார்கள்.]

குரல்:
கூத்து முடியும்போது மங்களம் பாடுவாங்க. முடிஞ்சுருச்சுன்னு கூட்டத்துக்குத் தெரியும். நம்ம பிரசன்டேஷன் எப்படி முடியுது? கேள்வி நேரத்துல யாரோ, "இந்த கிராஃப் கலர் மாத்தலாமே"ன்னு சொல்வார், நாம "ஓகே, நோட்டட்"னு சொல்வோம், அதோட கலைஞ்சு போகும். கேள்விகளுக்கு அப்புறம் சொல்றதுக்குன்னு ஒரு வரி கையில வச்சிருங்க. "எங்களுக்கு வேண்டியது 15ஆம் தேதிக்குள்ள ஒரு கையெழுத்து." கடைசிச் சொல் வரைக்கும் முழுசா. சொல்லிட்டு உடனே லேப்டாப் பக்கம் குனியாதீங்க. ரெண்டு நொடி, நின்ன இடத்துலயே நில்லுங்க.

[காட்சி: நிற்பவர் முகம். இரண்டு நொடி மௌனம். திரை இருள்கிறது.]