45 டாலருக்கு மாட்டிய கேஸ் கத்தியும் ஒரு பென்னித் தகராறும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முன்னுரை எல்லாம் கிடையாது, நேராக என் கையைப் பாருங்கள். மூன்று பிளேடு ஸ்டாக்மேன், பண்ணைக்காரர்கள் பாக்கெட்டில் வைத்திருக்கிற மடக்குக்கத்தி. கேஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனி செய்தது. 45 டாலர். சரியாகத்தான் கேட்டீர்கள், 45.

நம் சேனலை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் பேரம் பேசுகிற லட்சணம் தெரியும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு இது எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஐடஹோவில் மார்சிங் பக்கம் ஒரு ஹாலில் பழைய சாமான் மேசைகள் போட்டிருந்தார்கள். நம்பாவிலிருந்து பக்கம்தான், ஸ்நேக் ஆற்றைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். ஒருவர் மீன்பிடி ரீல் விற்றுக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு நிறைய மடக்குக்கத்திகள். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டிக்கர், 45. "அதில் கேஸ் ஒன்று இருக்கிறது, புதுசுதான், புள்ளியே கிடையாது" என்றார். எனக்கு அங்கேயே காது நிமிர்ந்துவிட்டது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். கேஸ் கத்தியில் பிளேடின் அடியில், கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில், கம்பெனி முத்திரை இருக்கும். 1970-ல் அந்த முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆறு புள்ளி இருந்தால் 1974, ஒரே புள்ளி என்றால் 1979. 1980-ல் எழுத்தின் வடிவத்தை மாற்றி, மறுபடியும் பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சரி, புள்ளியே இல்லை என்றால்? அந்த மனிதர் அதைப் புதுசு என்று நினைத்துவிட்டார். ஆனால் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று போட்டு, கீழே 'யு.எஸ்.ஏ.' என்று இருந்து, புள்ளி இல்லையென்றால் அது 1965-லிருந்து 1969-க்குள் வந்த கத்தி. 'யு.எஸ்.ஏ.' கூட இல்லாமல் வெறும் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' மட்டும் இருந்தால் இன்னும் பழையது, 1965-க்கு முன்னால்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். என் கீச்செயினில் தொங்குமே, வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்கிற அதேதான். கறை படிந்திருந்தாலும் 'யு.எஸ்.ஏ.' தெளிவாக இருந்தது. பின்பக்கம் 6318. ஆறு என்றால் எலும்புக் கைப்பிடி, மூன்று என்றால் மூன்று பிளேடு, 18 என்பது வடிவத்தின் எண். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று பக்கத்தில் இருந்த ஒரு ரீலை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு மீன்பிடிக்கவே தெரியாது. நாற்பதுக்குத் தருவீர்களா என்றேன். 45 என்றார். சரி என்று 45 கொடுத்துவிட்டேன். இதுதான் என் பேரம். காசைக் கொடுத்த பிறகு மனசு கேட்காமல், இது அறுபதுகளில் வந்தது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு, "ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். தங்கமான மனிதர்.

அதே ஹாலில் எனக்கு வயிறு எரிந்த விஷயமும் நடந்தது. இரண்டு மேசை தள்ளி ஒரு பெட்டி நிறையப் பழைய கத்திகள், எல்லாம் பளபள. 'புதுப்பித்தது' என்று அட்டை வேறு. மெஷின் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள் மக்களே! முத்திரை பாதி அழிந்துவிட்டது. எலும்புக் கைப்பிடியில் வெட்டியிருக்கிற வரிப்பள்ளங்கள் மொழுமொழுவென்று ஆகிவிட்டன. கார்பன் ஸ்டீல் பிளேடு வருடக்கணக்கில் இறைச்சி, ஆப்பிள், கை வியர்வை எல்லாம் பட்டுச் சாம்பலும் நீலமுமாக ஒரு நிறத்துக்கு வந்திருக்கும். அது அழுக்கு இல்லை, செந்துருவும் இல்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குக் கூடுதலாக முப்பது டாலர் கேட்கிறார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்காத ஜனங்கள். விடுங்கள், ரத்த அழுத்தம் ஏறுகிறது.

அங்கிருந்து 95-ம் நெடுஞ்சாலையைப் பிடித்து நேராக ஜோர்டன் வேலி. ஒரேகான் எல்லைக்குள் போனாலும் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, அந்தப் பகுதி ஐடஹோ நேரத்தில்தான் ஓடுகிறது. அந்த ஊரைப் போன வருட வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 1915-ல் ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த பாஸ்க் மக்கள் கல்லில் கட்டிய பந்தாட்டச் சுவர் இன்னும் நிற்கிறதே, அந்த ஊர். நம் பெரியவர் இருப்பது அங்கேதான். கேமராவில் முகம் காட்ட மாட்டேன் என்று அடம்பிடிப்பாரே, கை மட்டும் வருமே, அவரேதான். அவரோடு காபிக்கு உட்காருகிற கூட்டமும் உங்களுக்குத் தெரியும். ஆடு மேய்த்த குடும்பங்கள், மாட்டுப் பண்ணைக்காரர்கள், ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர். அந்த மேசையில் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. உட்கார்ந்ததும் "இன்றைக்குப் பாக்கெட்டில் என்ன?" என்பார்கள். எல்லோரும் எடுத்து மேசையில் வைக்க வேண்டும். நான் முதல் தடவை போனபோது என் பாக்கெட்டில் கார் சாவி மட்டும்தான் இருந்தது. பாவம் பார்த்து எனக்கும் ஒரு காபி சொன்னார்கள்.

நான் பெருமையாக 6318-ஐ எடுத்து வைத்தேன். பெரியவர் ஒவ்வொரு பிளேடாகத் திறந்து மூடினார், ஸ்பிரிங் டக் என்று விழுகிற சத்தத்தைக் கேட்டார். "நல்ல கத்தி. யாருடையது?" என்றார். தெரியாது, தட்டில் கிடந்தது என்றேன். "ஓ" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான்! புள்ளி, முத்திரை, 45 டாலர் என்று நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

பிறகு அவர் தன் கத்தியை எடுத்தார். அதுவும் கேஸ், அதே 18 வடிவம்தான், ஆனால் மஞ்சள் கைப்பிடி. அதனால் எண் 3318, மஞ்சளுக்கு மூன்று. இந்த மஞ்சள் நிறம் அழகுக்கு என்று நினைக்காதீர்கள். புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய பிளேடு தீட்டித் தீட்டிப் பாதி அகலம்தான் இருக்கிறது, எங்கள் பாட்டி வீட்டு அரிவாள்மனை மாதிரி. அவருடைய அப்பாவின் கத்தி. எந்த வசந்தத்தில் எந்த ஓடைக்கரையில் குட்டிகளுக்கு வால் நறுக்கினார்கள், அந்த வருடம் பனி எதுவரை இருந்தது, கூட இருந்தவர் யார், எல்லாம் அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒருவர் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் திருத்துவார், அதற்கு ஆதாரமாக அவர் தன் கத்தியை எடுப்பார். ஒரு தகராறு முடியவே இரண்டு காபி ஆகும்.

அந்த மேசையில் ஒரு பக் கட்சிக்காரர் உண்டு. 1964-ல் பக் கம்பெனி 110 என்கிற பெரிய மடக்குக்கத்தியைக் கொண்டுவந்தது. கம்பெனி 2005-ல் கலிபோர்னியாவிலிருந்து ஐடஹோவின் போஸ்ட் ஃபால்ஸுக்கு மாறியது. அதிலிருந்து இவருக்கு அது சொந்த ஊர்க் கம்பெனி. கேஸ் பென்சில்வேனியாவில் செய்வது, அதனால் வெளியூர்ச் சரக்காம். எனக்கு 110 பிடிக்காது, திட்டுங்கள் பரவாயில்லை. இருநூறு கிராமுக்கு மேல் எடை. பாக்கெட்டில் போட்டால் பேன்ட் கீழே இறங்குகிறது.

சரி, இனி ஆடு மேய்த்தவர்கள் இந்த மாதிரிக் கத்தியால் எழுதிய மரங்கள். ஒரேகானின் ஸ்டீன்ஸ் மலையில் எடுத்த வீடியோவில் காற்றுச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னீர்கள், அதனால் இப்போது உள்ளே உட்கார்ந்து சொல்கிறேன். ஸ்பெயினின் பிஸ்காயா பக்கத்திலிருந்து வந்த பாஸ்க் இளைஞர்கள்தான் ஐடஹோவிலும் கிழக்கு ஒரேகானிலும் ஆடு மேய்த்தார்கள். ஊரில் மீன்பிடிப்பும் விவசாயமும் பார்த்தவர்கள்; ஆயிரம், இரண்டாயிரம் ஆடு மேய்த்துப் பழக்கமில்லை. கோடை முழுக்க மலைமேல் ஒரு ஆள், ஒரு நாய், இந்த ஆடுகள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அங்கே ஆஸ்பென் தோப்புகள் உண்டு, வெள்ளைப் பட்டை மரம். பாக்கெட்டில் இருக்கிற கத்தியை எடுத்து அதில் பேரும் ஊரும் வருடமும் எழுதினார்கள். சிலர் குதிரை வரைந்தார்கள், சிலர் பெண்களை வரைந்தார்கள், சிலர் தனிமையைத் திட்டி எழுதினார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தொழில்நுட்பம்தான். ஆழமாக வெட்டினால் கெட்டுவிடும். கத்தி முனையால் முடி அளவுக்கு ஒரு கோடு, பட்டையில் கீறினால் போதும். கீறியவருக்கு அன்றைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. மரம் அந்தக் காயத்தை ஆற்றும்போது கறுப்பாகத் தழும்பு தடிக்கும். வருடங்கள் போகப் போக எழுத்து அகலமாகி வெள்ளைப் பட்டையில் பளிச்சென்று நிற்கும். பெரியவர் என்னை ஒரு மரத்தின் முன் நிறுத்தி, விரலால் அந்தத் தழும்பைத் தடவச் சொன்னார். கோட்டின் ஓரம் தடித்து, நடுவில் வெடித்து, 'ஓ' என்கிற எழுத்து கோணிப்போய் முட்டை வடிவமாகிவிட்டது. மரம் பெருத்ததில் எழுத்தும் பெருத்திருக்கிறது. எந்தக் கத்தி, எந்த பிளேடு என்று அந்த மேசையில் ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். ஸ்டாக்மேனின் நீள பிளேடுதான் என்பது பெரியவர் கட்சி, நானும் அதே கட்சி.

ஆஸ்பென் மரத்துக்கு ஆயுள் சுமார் நூறு வருடம்தான். அதனால் பழைய எழுத்துகள் மரத்தோடு சாய்ந்துகொண்டே இருக்கின்றன. துணி வைத்து மெழுகு தேய்த்துப் படி எடுக்கிறார்கள், போட்டோ எடுத்து வைக்கிறார்கள். ஐடஹோவின் தலைநகர் போய்ஸியில் 1985-ல் ஆரம்பித்த பாஸ்க் மியூசியம் இருக்கிறது; பக்கத்திலேயே 1864-ல் கட்டிய செங்கல் வீடு, பிற்காலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் தங்கிய விடுதி. போகாதவர்கள் போய்ப் பாருங்கள். 1934-ல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்த பிறகு, சொந்த நிலம் இல்லாமல் மந்தையை ஓட்டிக்கொண்டு அலைந்தவர்கள் பொதுநிலத்தில் மேய்க்க முடியாமல் போயிற்று. இப்போது மலையில் மேய்ப்பவர்கள் பெரும்பாலும் பெரு நாட்டுக்காரர்கள். அவர்கள் பேரும் சில மரங்களில் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் கத்தியோடு காட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், இன்றைக்கு மரத்தில் கீறினால் அபராதம்தான்.

ஐயோ, ஹாலில் பார்த்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பெட்டியில் செல்லுலாய்டு கைப்பிடிக் கத்தி ஒன்று மற்றவற்றோடு கிடந்தது. அந்தப் பழைய செல்லுலாய்டு கெட்டுப்போக ஆரம்பித்தால் அதிலிருந்து ஒரு ஆவி கிளம்பும், பக்கத்தில் இருக்கிற நல்ல கத்திகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். உங்களிடம் இருந்தால் தனியாக, காற்றாட வையுங்கள். தோல் உறையிலும் நீண்டநாள் போட்டு வைக்காதீர்கள், பித்தளை பச்சை பூக்கும்.

இப்போது பென்னித் தகராறு. பென்னி என்றால் ஒரு சென்ட் காசு. கிளம்பும்போது பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து என் முன் தள்ளினார். பக்கத்து ஊர்த் தீவனக் கடை ஒன்று அந்தக் காலத்தில் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்தது. கைப்பிடியில் கடைப் பேர் பாதி தேய்ந்துவிட்டது, போன் நம்பர் மட்டும் தெரிகிறது. மூன்றே இலக்கம்! சேகரிப்பாளர் யாரும் இதற்குப் பத்து டாலர்கூடத் தர மாட்டார்கள். ஆனால் கடை எங்கே இருந்தது, கம்பளி விலை விழுந்த வருடம் யாருக்கெல்லாம் கடன் கொடுத்தார்கள் என்று மேசையே பேச ஆரம்பித்துவிட்டது.

கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்பது இங்கே நம்பிக்கை. வாங்குகிறவர் ஒரு பென்னியாவது கொடுக்க வேண்டும். என்னிடம் கார்டும் போனும்தான். கார் கப் ஹோல்டரில் ஒரு கால் டாலர் கிடைத்தது, கொண்டுபோய் நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "இது விலை ஆகிவிடும், நான் கத்தி வியாபாரி இல்லை" என்றார். லாரி டிரைவர் தன் பென்னியைக் கடன் கொடுத்தார். உடனே பக் கட்சிக்காரர், கடன் வாங்கின பென்னி செல்லாது, நட்பு பெரியவருக்கும் லாரி டிரைவருக்கும் ஆகிவிடும் என்று ஆட்சேபம். அரை மணி நேரம் மக்களே! பென்னி அடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள், இனிமேல் கத்தி கொடுக்கிறவர்கள் கதி என்ன என்று அது வேறு ஒரு கிளைத் தகராறு. கடைசியில் நான் காருக்குப் போய், பின் சீட் மிதியடிக்கு அடியில் சூயிங்கம் ஒட்டிய ஒன்றைக் கண்டுபிடித்துச் சுரண்டி எடுத்து வந்தேன். பெரியவர் அதைத் துடைக்காமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

6318-ஐப் பாலிஷ் போடுவீர்களா என்று கேட்பவர்களுக்கு: மேலே பேசியதைத் திரும்பக் கேளுங்கள். ஒரு துளி மினரல் ஆயில், ஒரு பழைய துணி, அவ்வளவுதான். தினமும் ஆப்பிள் நறுக்கப்போகிறேன், நீள பிளேடால் மட்டும். முனை மழுங்கின அந்தச் சின்ன பிளேடால் நறுக்கலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். அது கிடாக்குட்டிக்கு விதை எடுக்கிற பிளேடு. "யாருடைய கத்தி என்று உனக்கே தெரியாது தம்பி, அந்த பிளேடு எங்கெல்லாம் போய் வந்ததோ" என்றார்.