பட்டம் என்றா சொன்னீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இருபதாம் நூற்றாண்டுக் கடற்போரைப் புரட்டிப்போட்டது நீர்மூழ்கியா, விமானமா? விமானமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், 1914-இல் யூ-9 என்ற ஒற்றை ஜெர்மன் நீர்மூழ்கி ஒரே காலையில் மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்ததைச் சொன்னார். உண்மைதான், மறுக்கவில்லை. அதோடு விட்டாரா? "விமானமாம் விமானம்! துணி போர்த்திய பட்டம், இரும்புக் கோட்டையை என்ன செய்துவிடும்?" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அந்தப் பட்டத்தின் கதையைக் கேளுங்கள்.

1941 மே 24. பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், பிரிட்டனின் பெருமையான ஹூட் என்ற போர்க்கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது. ஹூடில் இருந்தவர்கள் 1,418 பேர். பிழைத்தவர்கள் மூன்று பேர். நடுவர் அவர்களே, மூன்றே மூன்று பேர்!

பிரிட்டிஷ் கப்பல்கள் பிஸ்மார்க்கைத் துரத்தித் துரத்தி 26-ஆம் தேதி வந்துவிட்டது. அன்றிரவு தாண்டினால் பிஸ்மார்க், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸ் கரைப்பக்கம், ஜெர்மன் விமானங்களின் காவலுக்குள் போய்விடும். பிரிட்டனின் பெரிய கப்பல்களுக்கு எட்டவில்லை. கையில் மிச்சம் ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதிலிருந்த ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களும். இரட்டை இறக்கை, துணிப் போர்வை, கூரையில்லாத இருக்கை. ஆம் நண்பரே, நீங்கள் சொன்ன அதே பட்டம்!

முதலில் போனவர்கள் மோசமான வானிலையில் தங்கள் கப்பலான ஷெஃபீல்டையே பிஸ்மார்க் என்று நினைத்து டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு, போட்டார்கள். பல டார்பிடோக்கள் தண்ணீரைத் தொட்டதுமே வெடித்தன. ஷெஃபீல்டு தப்பியது. அப்போதுதான் வெடிப்பானில் கோளாறு என்று தெரிந்தது. வேறு வெடிப்பானை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். சொந்தக் கப்பலைக் குறிவைத்த தவறே பிஸ்மார்க்குக்கு எமனாக வந்தது!

இரண்டாம் முறை 15 விமானங்கள். மேகம், கொந்தளிக்கும் கடல், எதிரே பீரங்கி மழை. ஒரு டார்பிடோ போய்ப் பட்டது. எங்கே? கவசத்திலா? பீரங்கி மேடையிலா? சுக்கானில்! 50,000 டன் கப்பலின் சுக்கான் 12 பாகை திரும்பிய நிலையில் இறுகிப்போனது. தப்பி ஓடிய கப்பல், துரத்தி வந்தவர்களை நோக்கியே திரும்பியது. மறுநாள் காலை அதன் கதை முடிந்தது.

"முடித்தது போர்க்கப்பல்கள்தானே" என்பீர்கள். ஓடியதை நிறுத்திக் கொடுத்தது யார்? அதே ஆண்டு டிசம்பரில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் தனியாகவே மூழ்கடித்தன. 1945-இல் யமாட்டோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலுக்கும் விமானங்களால் அதே கதி. உங்கள் நீர்மூழ்கிகளையே அட்லாண்டிக்கில் வேட்டையாடியவற்றில் விமானத்துக்குப் பெரும் பங்கு. 1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி இழந்த நீர்மூழ்கிகள் 41.

கணக்கு கிடக்கட்டும். யூஜின் எஸ்மான்ட் என்ற அதிகாரி. ஆர்க் ராயல் விமானங்களுக்கும் முன்பே, வேறொரு கப்பலிலிருந்து பிஸ்மார்க்கைத் தேடி ஸ்வார்ட்ஃபிஷ்களைக் கூட்டிச் சென்றவர். 1942 பிப்ரவரி 12, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் போகின்றன. அவரிடம் ஆறே விமானங்கள். துணைக்கு வரவேண்டிய ஃபைட்டர் விமானங்கள் முழுதாக வந்து சேரவில்லை. அவர் காத்திருக்கவில்லை. போன ஆறும் வீழ்ந்தன. 18 பேரில் 13 பேர் திரும்பவில்லை, எஸ்மான்டும் திரும்பவில்லை. ஒரு டார்பிடோகூட இலக்கில் படவில்லை. படாவிட்டால் என்ன ஐயா? கீழே இரும்பு, மேலே எதிரி விமானம், நடுவே ஒரு துணி. அந்தத் துணியை நம்பிப் பறந்தார்களே, அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே! அந்தப் பிள்ளைகள் ஏறிப்போன விமானத்தையா பட்டம் என்பது?

நண்பரே, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். நடுவர் அவர்களே, அந்தப் பதினெட்டுப் பேரை நெஞ்சில் வைத்து எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.