தூரத்துப் பச்சையும் மேசைக்கடிக் கேமராவும்

அடித்தள அமைப்புகளின் ஆலோசகர் அவர்களே, இந்தியர் நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பின்வரிசையில் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். முன்னாள் தலைவர் ஐயாவும் வந்திருக்கிறார், அவரை விட்டால் இன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது, அவருக்குத் தனி வணக்கம்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மலையைப் படம் பிடிப்பது, அதேபோலக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் பிடிப்பது, அப்புறம் கணினியில் நிறம் சேர்ப்பது என்று மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நேரம் எவ்வளவு தூரம் விடுகிறதோ பார்ப்போம்.

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பார் என் பாட்டி. அகச்சிவப்பில் அந்தப் பச்சை வெள்ளை வெளேர் என்று விழும். பச்சையம் அந்த ஒளியைத் தொடுவதே இல்லை, இலைக்குள் இருக்கும் உயிரணுக்களும் காற்றறைகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். 1910-லேயே ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படிப் படங்கள் எடுத்து வெளியிட்டார். வுட் விளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் நானும் மச்சானும் மலேசியாவின் சபாவில் கினபாலு மலை ஏறினோம். 4,095 மீட்டர். பயிற்சி எங்கே? நம்ம சிங்கப்பூர் புக்கிட் தீமா குன்றில், அது 164 மீட்டர்கூட இல்லை, சிரிக்காதீர்கள். மச்சான் வீட்டு மேசைக்கடியில் கிடந்த பழைய கேமரா ஒன்றில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை எடுக்கச் சொல்லி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்து அகச்சிவப்பை உள்ளே விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் மாட்டி வைத்திருந்தேன். ராத்திரி 2 மணிக்கு எழுப்பிவிட்டார்கள், குளிரில் விரல் மடங்கவில்லை, மச்சான் வழிநெடுக "மேலே கோப்பி கிடைக்குமா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். உச்சியில் விடிந்தது. கேமராவைத் தூக்கினால் வெறும் சாம்பல் நிறப் பாறை! மேலே கருங்கல்தானே, மரம் ஏது? பச்சை இருந்தால்தானே வெள்ளையாகும்? அதிலும் பாதிப் படம் மங்கல். அகச்சிவப்புக்கு ஃபோகஸ் வேறு இடத்தில் விழும், பழைய லென்ஸ்களில் அதற்கென்றே ஒரு சிவப்புக் குறி இருக்கும், எனக்குத்தான் மூச்சு வாங்கியதில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை மலையடிவாரத்துக் குண்டசாங் ஊரில், கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்துக் கிடக்க, வேனுக்காக ரோட்டோரம் நின்றபோது சும்மா ஒன்று தட்டினேன். முட்டைக்கோஸ் தோட்டமெல்லாம் வெள்ளை, வானம் ஏறக்குறைய கறுப்பு, தூரத்தில் மலையின் ஒவ்வொரு வெடிப்பும் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. வீட்டில் காட்டினால் மாமியார் கேட்கிறார், "மாப்பிள்ளை, சபாவில் பனி கொட்டுமா?" தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அவருக்கு நடுக்கமே வந்துவிட்டது!

அந்தத் தெளிவுக்குக் காரணம், அகச்சிவப்புக்கு அலைநீளம் அதிகம், அலைநீளம் இரண்டு மடங்கானால் காற்றில் சிதறுவது 16-இல் ஒரு பங்காகிவிடும். மேகத்தை மட்டும் துளைக்காது, அதன் நீர்த்துளிகள் பெரியவை. புற ஊதாவில் கதை தலைகீழ், அலைநீளம் குறைவு, சிதறல் கூடிப்போய்த் தூரத்து மலை காணாமலே போகும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் புற ஊதாவின் பெரும்பகுதியை விழுங்கிவிடும், அதை உள்ளே விடும் குவார்ட்ஸ் லென்ஸ் விலையைக் கேட்டால் கினபாலு ஏறியதைவிட அதிகமாக மூச்சு வாங்கும். அதை அப்படியே விட்டுவிடுவோம்.

நான் வந்ததே வேறு விஷயத்துக்கு. அந்த மேசைக்கடிக் கேமரா! உங்கள் வீட்டிலும் ஒன்று தூங்குகிறதா இல்லையா? புது மாடலைத் தேடி ஓடுகிறோம், தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, வீட்டில் இருப்பதைத் தூசு தட்டக்கூட மாட்டோம். பழைய டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றில் அந்தத் தடுப்புக் கண்ணாடி அவ்வளவு கெட்டி கிடையாது. டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேராக அழுத்துங்கள், அது விடுவதும் அகச்சிவப்புதான், திரையில் வெளிச்சம் மின்னினால் ஃபில்டரை மட்டும் மாட்டி, முக்காலியில் வைத்து எடுத்துப் பார்க்கலாம். நீங்களே திருப்புளி எடுத்துப் பிரிக்க வேண்டாம், ஃபிளாஷ் மின்தேக்கி ஷாக் அடிக்கும், எனக்கு அடித்திருக்கிறது.

ஆலோசகர் அவர்களே, இந்த மன்றத்தில் ஒரே ஒரு அலமாரி கொடுங்கள். பூட்டு நான் வாங்கித் தருகிறேன். அக்கம்பக்கத்து புளோக்குகளில் உள்ள பிள்ளைகள் கேமராவை இரவல் வாங்கிப் போய், இரண்டு வாரத்தில் திருப்பித் தரட்டும், மலைக்குப் போக வேண்டாம், வீவக அடுக்குமாடி வீடுகளைச் சுற்றியுள்ள மரங்களே போதும். தலையாட்டுகிறீர்கள், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா தலையாட்டிவிட்டார்.

கணினியில் நிறம் சேர்ப்பது... மணி அடித்துவிட்டார்கள். வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு கேமராவைக் கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து சார்ஜரையும் சேர்த்துப் போடுங்கள், போன தடவை ஏழு கேமராவுக்கு இரண்டு சார்ஜர்தான் வந்தது.