அம்மாவுக்குக் கஞ்சி அலுத்துவிட்டது, உணவங்காடியில் வேறு என்ன வாங்கலாம்?

சரி, அடுத்த கேள்வி ஈசூன் வட்டாரத்தில் இருந்து ஒருவர் அனுப்பியது. இவருடைய அம்மாவுக்கு 78 வயது. பல்செட் போட்டிருக்கிறார், சர்க்கரையும் உண்டு. மதியச் சாப்பாடு புளோக்குக்குப் பக்கத்து உணவங்காடி நிலையத்தில்தான். "கஞ்சியே வாங்கிக் கொடுத்து அவருக்கு அலுத்துவிட்டது. 5 வெள்ளிக்குள் மெதுவாக மெல்லக்கூடிய வேறு சோறு ஏதாவது சொல்லுங்கள்" என்கிறார்.

வயதானவர் என்றாலே கஞ்சி என்று நாமாகத்தான் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். கஞ்சி விழுங்க எளிது, சரிதான். ஆனால் குழைய வெந்த அரிசி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். வெறும் கஞ்சியில் புரதமும் சொற்பம், அந்த வயதில் தசை கரையாமல் இருக்கப் புரதம்தான் முக்கியம். தியோசூ கஞ்சிக் கடையில் தொட்டுக்கொள்ள எடுப்பதோ உப்பு முட்டையும் ஊறவைத்த கீரையும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு, உப்பில் இருக்கும் சோடியம் 2,000 மில்லிகிராம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிங்கப்பூரர்கள் ஏற்கெனவே அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு சாப்பிடுகிறோம்.

என்னைக் கேட்டால் முதலில் மீன் சூப்பும் வெள்ளைச் சோறும். பல கடைகளில் பாத்தாங் மீன் போடுவார்கள், நம் வஞ்சிரம்தான் அது. துண்டு போட்டு, பெரும்பாலும் முள் நீக்கித்தான் வரும். இருந்தாலும் முதல் துண்டை விரலால் பிய்த்துப் பார்த்துவிடுங்கள். பொரித்த மீன் வேண்டாம், வேகவைத்ததே கேளுங்கள். சோற்றில் நாலு கரண்டி சூப்பை ஊற்றினால் பருக்கை இளகிவிடும். மிச்ச சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. விலைதான் சிக்கல், 5 வெள்ளியைத் தாண்டும் கடைகள் நிறைய. அதனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாள்களுக்கு எகனாமி ரைஸ், அதாவது சோற்றோடு வேண்டிய கறிகளைக் கைகாட்டி வாங்கும் சீனக் கடைச் சாய் பெங். கண்ணாடிக்குப் பின்னால் இருபது தட்டு இருக்கும், அம்மாவுக்கு மூன்று போதும்: ஆவியில் வேகவைத்த முட்டை, தோஃபு, குழைய வதக்கிய முட்டைக்கோஸ். இதில் மெல்லவே வேலை இல்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கவனம், தோஃபு குழம்பில் கொத்திய இறைச்சி கலந்திருக்கலாம். இன்னொன்று, பல கடைகளில் விலைப்பலகை இருக்காது. தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆன்ட்டி ஒரு தொகை சொல்வார். மீனைக் கைகாட்டினால் அந்தத் தொகை எகிறும், எனவே முதலிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள். சோறு பாதி, குழம்பு ஒன்று மட்டும். மூன்று குழம்பையும் ஊற்றிக் குளிப்பாட்டினால் உப்பும் எண்ணெயும் அதோடு வந்துவிடும்.

சிக்கன் ரைஸ் வாங்கலாமா என்றால், வாங்கலாம். வறுத்ததைவிட அவித்த கோழி, அதிலும் தொடைப் பகுதி. நெஞ்சுக்கறி பல்செட்டுக்கு வறண்டு இழுக்கும். எலும்பை எடுத்துவிட்டு நறுக்கித் தரச் சொல்லுங்கள், சில கடைகளில் கத்தியால் ஒரே போடாகப் போட்டு எலும்புச் சில்லோடு தருவார்கள். சோறு கோழிக் கொழுப்பில் வெந்தது. வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் மாற்றித் தருவார்கள். ஓரத்தில் வைக்கும் வெள்ளரிக்காயை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

மலாய்ச் சோற்றுக் கடையான நாசி பாடாங் கடையில் சாயுர் லோடே என்ற காய்கறிக் குழம்பு எடுக்கலாம். கோஸும் தோஃபுவும் தேங்காய்ப்பாலில் நன்றாக வெந்திருக்கும், ஆனால் கொழுப்பு அதிகம், எப்போதாவதுதான். "நாசி சிகிட், குவா அசிங்" என்றால் சோறு கொஞ்சமாக, குழம்பு தனியாக வரும். அம்மாவே கேட்டுக்கொள்வார், அந்தத் தலைமுறைக்குப் பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் மலாய், நம்மைவிட நன்றாக வரும்.

தேக்கா பிரியாணியா? பாசுமதி உதிரியாக இருக்கும், தட்டும் பெரிது. ஆசைப்பட்டால் ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள், கூட வரும் பருப்புக் குழம்பான டால்ச்சாவைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். பிரியாணியே கூடாது என்று சொல்லும் கட்சி நான் இல்லை.

சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மருத்துவர் கொடுத்த பட்டியலைப் பின்பற்றுங்கள்.

காசு விஷயத்தில், அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு மீதமிருந்தால் அதை ஏற்கும் கடைகளில் பயன்படுத்தலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) காப்பிக்கடைகளில் சிக்கன உணவும் உண்டு, உங்கள் பக்கத்தில் எங்கே என்பதை 'பட்ஜெட்மீல் கோவேர்' தளத்தில் தேடுங்கள்.

அப்புறம், அம்மா தனியாகப் போவதாக இருந்தால் பதினொன்றரை மணிக்கு முன்பே போகட்டும். இடமும் கிடைக்கும், கடைக்காரருக்கும் எலும்பெடுக்க நேரம் இருக்கும். 2021 செப்டம்பரில் இருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டுதான், ஆனாலும் அவர் பயப்பட வேண்டாம். தள்ளாதவர்களிடம் அதைக் கறாராகப் பார்ப்பதில்லை. ஊன்றுகோலோடு சூப் கிண்ணத்தைத் தூக்க வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சரி, அடுத்த கேள்வி.