பத்து நிமிடம் ஆடி உலகக் கோப்பையை வென்றவரா நியா குன்ட்சர்?

அடுத்த கேள்விக்கு வருவோம். “2003 பெண்கள் உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தில் தங்க கோல் அடித்த ஜெர்மனியின் பின்கள வீராங்கனை, நாட்டுக்காக மொத்தமே 34 ஆட்டங்கள்தான் ஆடியிருக்கிறார். அப்படியானால் அது குருட்டு அதிர்ஷ்டம்தானே?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அவர் கேட்பது நியா குன்ட்சரைப் பற்றி. உதட்டை ‘கு’ என்று குவித்துக்கொண்டு ‘கி’ என்று சொன்னால் ஜெர்மானியர்களின் உச்சரிப்பு வரும். நமக்கு அந்த வம்பு வேண்டாம், குன்ட்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த கோலைப் பார்த்துவிடலாம். 2003 அக்டோபர் 12, கலிபோர்னியாவில் கார்சன் நகரம். போட்டி சீனாவில் நடந்திருக்க வேண்டியது. சார்ஸ் நோய் பரவியதால் அமெரிக்காவுக்கு மாறியது. இறுதியில் ஜெர்மனியும் ஸ்வீடனும். இடைவேளைக்குச் சற்று முன் ஸ்வீடனின் ஹன்னா யுங்பெரி கோல் அடிக்கிறார். இடைவேளை முடிந்த கையோடு மாரன் மைனர்ட் சமன் செய்கிறார். 1-1. 88ஆவது நிமிடத்தில் பியா வுண்டர்லிஷ் வெளியே வர, குன்ட்சர் உள்ளே போகிறார். கூடுதல் நேரம் தொடங்குகிறது. 98ஆவது நிமிடத்தில் ரெனாட்டே லிங்கோர் அடித்த ஃப்ரீ கிக் வளைந்து வருகிறது. கூட்டத்துக்கு மேலே எழும்பி குன்ட்சர் தலையால் முட்டுகிறார். பந்து கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் விழுகிறது. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

தங்க கோல் விதி அப்படித்தான். கூடுதல் நேரத்தில் யார் முதலில் அடித்தாலும் அந்த நொடியே விசில். எதிரணிக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கிடையாது. கொஞ்சம் கொடூரமான விதி. அடுத்த ஆண்டே அதைத் தூக்கிவிட்டார்கள். அதனால் உலகக் கோப்பை வரலாற்றின் கடைசி தங்க கோல் குன்ட்சருடையதுதான். ஜெர்மனியில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘ஆண்டின் சிறந்த கோல்’ விருதும் அதற்கே கிடைத்தது. அதுவரை அந்த விருது ஒரு பெண்ணுக்குப் போனதில்லை.

இப்போது அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். 34 ஆட்டங்கள், 2 கோல்கள் என்ற கணக்கை மட்டும் பார்த்தால் நேயர் கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பின்கள வீராங்கனையை கோல் கணக்கில் அளப்பது, காவலாளியின் திறமையை அவர் பிடித்த திருடர்களின் எண்ணிக்கையில் அளப்பது மாதிரி. திருடனே வராமல் போனதற்கு யார் கணக்கு வைப்பது? நாட்டணியை விட்டுவிட்டு கிளப்பைப் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் அணியில் 2008 வரை இருந்தார். அந்தக் காலத்தில் அந்த அணி ஏழு முறை லீக் பட்டமும், ஏழு முறை ஜெர்மன் கோப்பையும், மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையும் வென்றது. அப்படிப்பட்ட அணியில் ஒருவர் அதிர்ஷ்டத்தை வைத்து பத்து ஆண்டுகள் நிலைக்க முடியாது.

பிறகு ஏன் 34 மட்டும் என்றால், முழங்காலைத்தான் கேட்க வேண்டும். மூட்டுக்குள்ளே தொடை எலும்பையும் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்க, குறுக்காக ஒரு நார் ஓடுகிறது. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள். யாரும் இடிக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினாலோ, குதித்துவிட்டுக் கோணலாகக் கால் ஊன்றினாலோ போதும், அறுந்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. அறுந்தால் உடம்பின் வேறொரு இடத்திலிருந்து நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுப் பொருத்துகிறார்கள். அதன் பிறகு ஊன்றுகோல், முழங்காலை மடக்கப் பழகுவது, மெல்ல ஓடப் பழகுவது என்று ஆறு மாதம், ஒன்பது மாதம், சில சமயம் ஓர் ஆண்டே போய்விடும். ஒருமுறை அறுந்ததோடு ஆட்டத்தை விட்டவர்கள் நிறையப் பேர். குன்ட்சருக்கு நான்கு முறை அறுந்தது. 34 ஆட்டங்கள் எப்படி ஆடினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

இடையில் படிப்பையும் விடவில்லை. கல்வியியலில் பட்டம் பெற்றார். ஓய்வுக்குப் பிறகு கீசன் நகர அரசு அலுவலகத்தில் அகதிகளுக்கான பணியில் இருந்தார், தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசினார். 2024 முதல் ஜெர்மன் கால்பந்து சங்கத்தில் பெண்கள் பிரிவின் விளையாட்டு இயக்குநர். அந்தச் சங்கம்தான் 1955 முதல் 1970 வரை பெண்கள் கால்பந்துக்கே தடை போட்டிருந்தது. 1989இல் ஐரோப்பிய சாம்பியன் ஆன பெண்களுக்குப் பரிசாக காபி கோப்பை செட் கொடுத்ததும் அதே சங்கம்தான். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே காபி கோப்பைதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அவர் பிறந்தது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில். பெற்றோர் அங்கே வளர்ச்சிப் பணியில் இருந்தார்கள். அவருடைய நடுப்பெயர் ட்சோலோஃபெலோ. அந்த நாட்டின் மொழியில் ‘நம்பிக்கை’ என்று பொருள்.

நேயர் அந்த கோலை மறுபடி பார்த்தால், பந்தோடு போகாமல் குன்ட்சர் தரைக்கு வரும்போது அவருடைய கால்களைப் பார்க்கட்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போகிறது. சரி, அடுத்த கேள்வி ஆஃப்சைடு பற்றி.