வல்கன் இல்லை, சரி, அதனால்?

நண்பர்களே, "அறிவியல் நேற்று ஒன்று சொன்னது, இன்று வேறொன்று சொல்கிறது, நாளைக்கு இதையும் மாற்றும், அப்புறம் எதைத்தான் நம்புவது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோற்றது எது, எவ்வளவு தோற்றது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

பிரெஞ்சு வானியலாளர் லெவெரியேவை எடுத்துக்கொள்வோம். யுரேனஸ் கணக்குப்படி ஓடவில்லை. அவர் நியூட்டனின் ஈர்ப்பு விதியைச் சந்தேகிக்கவில்லை; கண்ணில் படாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று சொல்லி, அது இருக்கும் இடத்தையும் கணக்குப் போட்டு பெர்லினுக்கு எழுதினார். கடிதம் வந்துசேர்ந்த 1846 செப்டம்பர் 23 அன்று இரவே அங்கிருந்த வானியலாளர் காலே தேடிப் பார்த்தார், சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது!

அடுத்து புதன். அதன் பாதையில் சூரியனுக்கு மிக அருகே வரும் புள்ளி மெல்ல நகர்கிறது, மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. 1859இல் லெவெரியே பழைய வழியிலேயே போனார்: உள்ளே இன்னும் ஏதோ சுற்றுகிறது. சூரியன்மேல் ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைப் பார்த்ததாக எழுதிய கிராமத்து மருத்துவரை நேரில் போய்த் துருவித் துருவி விசாரித்து, நம்பி, அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயரும் வந்துவிட்டது. வல்கன் இல்லவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு அந்த மிச்சத்துக்குக் கணக்குச் சொன்னார்.

ஆக, நியூட்டன் தோற்றார். எவ்வளவு? நூறு ஆண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை. மீதிக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் இந்தப் பிசகே தெரிந்தது, புதிய கொள்கையும் ஈர்ப்பு வலுவில்லாத இடங்களில் நியூட்டனின் விடைகளையே தருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தைக்கு ஊசி போட யோசிக்கும் தாயிடம் போய் "நியூட்டனே தப்பு, தடுப்பூசி எம்மாத்திரம்" என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே அளவில் நம்பச் சொல்லவில்லை. அண்டங்களின் (கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டங்கள்) ஓரத்து விண்மீன்கள், தெரிகிற பொருளின் ஈர்ப்புக்குப் பொருந்தாத வேகத்தில் சுற்றுகின்றன. கரும்பொருள், அதாவது ஒளி விடாத, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள், இழுக்கிறது என்பதற்குச் சான்றுகள் பலமாகவே இருக்கின்றன, ஆனால் அதன் துகள் இன்னும் சிக்கவில்லை. இது நெப்டியூனா வல்கனா என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். எது ஜெயித்தாலும் 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் முழுச் சூரிய கிரகணம் குறித்த நேரத்தில் தெரியும், அதற்கு இப்போதே பயணச்சீட்டு எடுக்கலாம்.