முப்பது பாட்டு வேண்டாம், ஒண்ணு போதும்

நடுவர் அம்மா அவர்களே, வணக்கம். எதிரணித் தம்பி பேசி முடிச்சுட்டுத் தண்ணி குடிக்கிறார். குடிக்கட்டும். ஒரு மெஷினுக்காகப் பத்து நிமிஷம் வக்காலத்து வாங்கினா தொண்டை வறளத்தான் செய்யும்.

"பேர் தெரியாத இண்டி இசைக்குழுவை நம்மகிட்ட கொண்டு வந்து சேர்ப்பது சக ரசிகரின் பரிந்துரையா, செயலியின் கணிப்பா?" இதுதான் தலைப்பு. இண்டின்னா, பெரிய கம்பெனி தயவு இல்லாம தானா பாட்டுப் போடுற குழுக்கள். தம்பி செயலி பக்கம் நின்னு முக்கியமா மூணு விஷயம் சொன்னார். ஸ்பாட்டிஃபைங்கிற பாட்டுச் செயலி 2015 ஜூலையிலேர்ந்து திங்கக்கிழமை தவறாம 30 பாட்டு கொடுக்குது, எந்த நண்பன் அப்படிக் கொடுப்பான்னு கேட்டார். மறந்துபோன பழைய குழுக்களைக்கூட அது தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருக்குன்னார். கடைசியா, இண்டி ரசிகர்கள் தலைக்கனம் பிடிச்சவங்கன்னு ஒரு போடு போட்டார். நடுவுல, தனக்கு 'லோ'ங்கிற குழு ரொம்பப் பிடிக்கும்னு வாய் தவறிச் சொல்லிட்டார். அதை நான் குறிச்சு வெச்சுக்கிட்டேன். கடைசியில உதவும்.

தலைக்கனத்தை நான் மறுக்கப் போறதில்ல. "என்னது, இதைக் கேட்டதே இல்லையா?"ன்னு ஆரம்பிக்கிற ஆள் எங்க அணியில நிறையவே இருக்காங்க. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல தம்பியோட பெரிய ஆயுதத்தைப் பார்ப்போம், தூசி தட்டின கதையை.

கேலக்ஸி 500னு ஒரு குழு. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல 1987லேர்ந்து 1991 வரைக்கும் இருந்த மூணு பேர். போட்டதே மூணு ஆல்பம். 1989ல வந்த 'ஆன் ஃபயர்' ஆல்பத்துல 'ஸ்ட்ரேஞ்ச்'னு ஒரு பாட்டு. அதை அவங்க தனிப் பாட்டா வெளியிட்டதுகூட இல்ல. ஆனா ஸ்பாட்டிஃபையில அவங்க பாட்டிலேயே அதுதான் முதலிடத்துல ஓடிக்கிட்டிருந்தது. இது எப்படின்னு டிரம்மர் டேமன் குருகோவ்ஸ்கிக்கே புரியல. 2018ல அதைப் பத்தி எழுதினார். அந்த நிறுவனத்துலயே தரவு பார்க்கிற ஒருத்தர் தோண்டிப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். ஆல்பம் முடிஞ்சதும் அடுத்து எதையாவது தானா ஓட்டுற ஆட்டோபிளே வசதி இருக்கே, அதை 2017 ஜனவரியில எல்லாருக்கும் தானா இயங்குற மாதிரி வெச்சிருக்காங்க. அன்னையிலேர்ந்து இந்தப் பாட்டு ஏற ஆரம்பிச்சிருக்கு.

சரி, மெஷின் ஏன் இந்தப் பாட்டைப் பிடிச்சுது? அங்கதான் இருக்கு சங்கதி. 'ஸ்ட்ரேஞ்ச்' மத்த கேலக்ஸி 500 பாட்டுங்க மாதிரி இருக்காது. மத்தவங்க பாட்டு மாதிரி இருக்கும்! கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை யாருப்பான்னு கேட்டா, வந்திருக்கிற எல்லார் சாயலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற ஒருத்தரைக் கையைக் காட்டின மாதிரி. பேவ்மென்ட் குழுவுக்கும் இதே கதை. 1997 ஆல்பத்துல இடம் இல்லன்னு அவங்களே ஒதுக்கி வெச்சு, 1999ல ஒரு சின்ன இசைத்தட்டோட பின்பக்கத்துல போட்ட 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' இன்னைக்கு அங்க அவங்களோட முதல் பாட்டு. நல்ல பாட்டுதான், நான் குறை சொல்லல. ஆனா ஒரு ரசிகரைக் கேட்டிருந்தா, அந்தக் குழு எதுக்காக அந்தக் குழுவா இருந்துச்சோ அந்தப் பாட்டைக் கொடுத்திருப்பார். எதோட வெச்சாலும் உறுத்தாத பாட்டைத் தேடறது மெஷினோட வேலை.

ஏன் அப்படித் தேடுதுன்னு பார்க்கணும். இதுல மாயம் ஒண்ணும் இல்ல. இந்தப் பாட்டைக் கேட்டவங்க அந்தப் பாட்டையும் கேட்டாங்க, அதனால நீங்களும் கேளுங்க. அவ்வளவுதான் அடிப்படை. பழைய மெஸ்ஸுக்கு இது சரியா வரும். இட்லி வாங்கினவர் வடையும் வாங்கினார்னு கணக்கு சொல்லலாம். நேத்து திறந்த மெஸ்ஸுக்கு என்ன சொல்லும்? அங்கதான் இன்னும் யாருமே சாப்பிடலையே! நாற்பது பேர் கேட்ட குழுவுக்குக் கணக்குப் போடக் கணக்கே கிடையாது. பாட்டோட ஒலியையே அலசிப் பார்க்கிற வழியும் இருக்குன்னு தம்பி சொல்லுவார். இருக்கு. வேகம் எவ்வளவு, சுருதி என்ன, சத்தம் எவ்வளவுன்னு அது அளந்துடும். பாடுறவர் தயங்கித் தயங்கிப் பாடுறாரே, அது கூச்சமா, ஸ்டைலா, இல்ல பாடத் தெரியலையான்னு அதுக்குத் தெரியாது.

இன்னொண்ணு, முப்பது விநாடி. ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாத்தான் அது ஒரு தடவை ஓடினதா கணக்குல ஏறும். அதுக்கு முன்னாடி தள்ளிவிட்டா, இவருக்குப் பிடிக்கலைன்னு மெஷின் எழுதி வெச்சுக்கும். வெறும் கிட்டாரும் டிரம்முமா ரெண்டு நிமிஷம் போய், மூணாவது நிமிஷத்துல வாயைத் திறக்கிற குழுக்கள் இருக்கு. அந்த மாதிரிப் பாட்டு அந்தப் பரீட்சையில பாஸாகவே ஆகாது. ரசிகர் என்ன பண்ணுவார்? "மூணு நிமிஷம் பொறுத்துக்க, அப்புறம் சொல்லு"ன்னு ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்காகவே நாம பொறுத்துப்போம். சொன்னவர் மேல இருக்கிற மரியாதை அது. ஆட்டோபிளே மேல யாருக்குங்க மரியாதை இருக்கு?

காசு விஷயத்துக்கு வர்றேன், சுருக்கமா. 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபையில ஒரு விதி. முந்தின 12 மாசத்துல 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது, சைபர். 1,000ஐத் தாண்டினாலும் கைக்கு வர்றது சுமாரா மூணு நாலு டாலர்தான். அது போகட்டும். 2020ல 'டிஸ்கவரி மோட்'னு ஒரு ஏற்பாடு அறிவிச்சாங்க. செயலிக்குள்ளேயே இருக்கிற ரேடியோ, ஆட்டோபிளே மாதிரி இடங்கள்ல உங்க பாட்டை மெஷின் கொஞ்சம் முன்னாடி தள்ளணுமா? அங்க ஓடுறதுக்கு வர்ற ராயல்டியில 30 சதவீதத்தைக் கழிச்சுக்கச் சம்மதிக்கணும். நடுவர் அம்மா, மெஷினுக்குப் பாரபட்சம் கிடையாதுன்னு தம்பி சொன்னப்போ நீங்க தலையாட்டினீங்க. அதைக் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கங்க.

குழுக்கள் தங்க ஆல்பத்தை ரசிகருக்கு நேரா விக்கிற தளம் பேண்ட்கேம்ப். அங்க அதே குழுவோட ஆல்பத்தை ஏழு டாலருக்கு ஒருத்தர் வாங்கினா, தளம் எடுக்கிறது 15 சதவீதம். பணம் மாத்துற செலவு போக மிச்சம் குழுவுக்கு. ஒரே ஒரு பரிந்துரை, ஒரே ஒரு ஆள் வாங்கினது, ஆயிரம் ஓட்டத்துக்கு மேல ஆச்சு. அங்க இன்னொரு வசதி, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஆல்பத்துக்குக் கீழே, வாங்கினவங்களோட சின்னச் சின்னப் படம் இருக்கும். ஒண்ணைத் தொட்டா, அவர் காசு கொடுத்து வாங்கின மத்த ஆல்பம் எல்லாம் வரிசையா தெரியும். உங்ககிட்ட இருக்கிறதுல மூணு அவர்கிட்டயும் இருந்து, மிச்சம் இருநூறு உங்களுக்குத் தெரியாததா இருந்தா, அந்த ஆளை விட்டுடாதீங்க. ஓசியில கேட்டதைப் பார்த்துக் கணிக்கிறதுக்கும், பாக்கெட்லேர்ந்து காசு எடுத்து வெச்சதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

ஆனா ரசிகர் பரிந்துரைன்னா சும்மா பேரை அள்ளி வீசறது இல்ல. அது ஒரு கைத்தொழில். பாதிப் பரிந்துரை தோத்துப் போறதுக்குக் காரணம் கேட்கிறவர்தான். "நல்ல இண்டி குழு இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டா என்ன வரும்? அவனவன் மனசுல இருக்கிற முதல் பேர் வரும், அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச பேரா இருக்கும். கேட்கத் தெரிஞ்சவர் மூணு குழு பேர் சொல்லுவார், ஒவ்வொண்ணுலயும் தனக்கு எது பிடிச்சுதுன்னு சொல்லுவார், எது ஆகவே ஆகாதுன்னு சொல்லுவார், எதையெல்லாம் கேட்டாச்சுன்னும் சொல்லிடுவார். இதுல ரெண்டாவதுதான் உயிர்.

தம்பியோட 'லோ'வையே எடுத்துக்குவோம். மினசோட்டா மாநிலத்துல டுலூத்ங்கிற ஊர்ல 1993ல தொடங்கின குழு. ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர், கணவன் மனைவி. அந்தம்மா 2022ல மறையற வரைக்கும், ரெண்டு மூணு டிரம்மையும் ஒரு சிம்பல் தட்டையும் வெச்சுக்கிட்டு நின்னபடியே பிரஷ்ஷால வாசிச்சாங்க. இப்ப, லோ பிடிக்கும்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு நாலு அர்த்தம். ரெண்டு குரல் சேர்ந்து பாடுறதா பிடிச்சுது? அப்ப நியூயார்க்கோட 'ஐடா' குழு, அதுவும் கணவன் மனைவிதான். அந்த ஆமை வேகமும் பாரமுமா? அப்ப 'கோடீன்', 1990ல வந்த 'ஃப்ரிஜிட் ஸ்டார்ஸ்', ஒவ்வொரு அடியும் பாறாங்கல் விழுற மாதிரி. மங்கலா, டேப் இரைச்சலோட, பக்கத்து ரூம்லேர்ந்து கேட்கிற மாதிரி வேணுமா? சான் ஹோசே ஊர் 'டஸ்டர்', 1998ல வந்த 'ஸ்ட்ராட்டஸ்ஃபியர்'. இல்ல, ரெண்டு சத்தத்துக்கு நடுவுல விடுற இடைவெளியா? அது வேற குழு, சொல்றேன். மெஷின் இந்த நாலையும் 'ஸ்லோகோர்'னு ஒரே மூட்டையில கட்டி வெச்சிருக்கும். நாலும் மெதுவா போகுது, அதுக்கு அது போதும். சாம்பாரும் ரசமும் புளிதானேன்னு சொல்ற மாதிரி!

சொல்றவருக்கும் ஒழுங்கு உண்டு. பேர் மட்டும் சொன்னா போதாது, ஊரும் வருஷமும் ஆல்பமும் சேர்த்துச் சொல்லணும். இந்தக் குழுக்கள் பேர் வெச்சுக்கிற லட்சணம் அப்படி. நம்ம சென்னையில 2012ல ஆரம்பிச்ச 'தி எஃப்16ஸ்' குழுவை யாருக்காவது சொல்லிப் பாருங்க. அவர் தேடினா போர் விமானமா வந்து இறங்கும். கனடாவுல கால்கரி ஊர்ல 'விமன்'னு ஒரு குழு இருந்துச்சு, நாலு பேரும் ஆம்பளைங்க. 2010ல 'பப்ளிக் ஸ்ட்ரெய்ன்'னு அருமையான ஆல்பம். பேரை மட்டும் போட்டுத் தேடினா உலகத்துல பாதி ஜனத்தொகை வந்து நிக்கும். தேடி அலுத்தவர் திரும்பி வரமாட்டார். அந்தப் பரிந்துரை செத்துப் போச்சு.

அப்புறம், இருபது குழுவைப் பட்டியல் போடக்கூடாது. இருபது சொன்னா ஒண்ணுகூடக் கேட்கமாட்டாங்க. ஒரு குழு, ஒரு ஆல்பம், முதல்ல கேட்க வேண்டிய பாட்டு. அதோட அதுல என்ன குறைன்னும் சொல்லிடணும்: குரல் கிட்டாருக்குக் கீழே அமுங்கியிருக்கும், ரெண்டாம் பாதி இழுக்கும், போன் ஸ்பீக்கர்ல பேஸ் கிட்டாரே கேட்காது. குறை சொல்ற பரிந்துரையைத்தான் நம்பலாம், நடுவர் அம்மா. அஞ்சு தடவை ஒரே குழுவை அஞ்சு இடத்துல குறையே இல்லாமப் புகழ்றவர் இருக்காரே, அவர் ரசிகர் இல்ல. அந்தக் குழுவோட டிரம்மராவோ, டிரம்மரோட மச்சானாவோ இருப்பார்.

இப்ப அந்தத் தலைக்கனம். இருக்கு, மறுக்கல. பரிந்துரை கேட்டவரை அவமானப்படுத்தி அனுப்புறவங்க இருக்காங்க. தான் கண்டுபிடிச்ச குழு பிரபலமானா, அதைக் குற்றமா பார்க்கிறவங்களும் இருக்காங்க. செயலிக்குத் தலைக்கனம் இல்லவே இல்ல, அது தம்பியோட கட்சிக்கு ஒரு மார்க், கொடுத்துடுங்க. ஆனா நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழு 1998ல போட்ட ரெண்டாவது ஆல்பத்தை நினைச்சுப் பாருங்க. வந்தப்போ பெரிசா விக்கல. அடுத்த வருஷமே பாடகர் ஜெஃப் மேங்கம் ஒதுங்கிட்டார். கச்சேரி இல்ல, புது ஆல்பம் இல்ல, விளம்பரமும் இல்ல. அப்ப திங்கக்கிழமை முப்பது பாட்டுக் கொடுக்க எந்த மெஷினும் கிடையாது. தலைக்கனம் பிடிச்ச அதே ஜனங்கதான் இணையத்துல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி அதை வளர்த்தாங்க. 2013ல குழு திரும்பி மேடை ஏறினப்போ, ஆல்பம் வந்த வருஷம் பால்குடி மறக்காத பிள்ளைங்க வரிசையில நின்னுச்சுங்க.

மணி அடிக்கப் போறீங்க, கை போறது தெரியுது. ஒரு நிமிஷம். தம்பி, இங்க பாருங்க. லோவுல உங்களுக்கு எது பிடிக்கும்? சத்தமா சொல்லுங்க. "அந்த அமைதி"ங்கிறார். கேட்டீங்களா, இத்தனை வருஷமா செயலி இவரை ஒரு தடவைகூட இந்தக் கேள்வி கேட்டதில்ல!

எழுதிக்கங்க தம்பி. 'பெட்ஹெட்'. டெக்சஸ் மாநிலம், டல்லாஸ் ஊர். பேரை மட்டும் தேடாதீங்க, தலைமுடிக்குத் தடவுற சாமானா வரும். 'டிரான்சாக்‌ஷன் டி நோவோ'ன்னு ஆல்பம் பேரும் சேர்த்துத் தேடுங்க, 1998. ஒலிப்பதிவு ஸ்டீவ் அல்பினி. மூணு கிட்டார், ஆனா மூணும் ஒண்ணுக்கொண்ணு வழி விட்டு வாசிக்கும், நீங்க சொன்ன அமைதி அந்த இடுக்குலதான் இருக்கு. பாடுறவர் முணுமுணுப்பார், வார்த்தை பாதி புரியாது, அது குறைதான். ஒன்பது பாட்டு, வரிசை மாத்தாமக் கேளுங்க, ஹெட்ஃபோன்ல. முதல் பாட்டு ஆரம்பிக்கிறப்போ சத்தம் பத்தலையேன்னு தோணும். வால்யூமைக் கூட்டிடாதீங்க. எட்டாவது பாட்டு வரும்போது எனக்கு நன்றி சொல்லுவீங்க.